அரக்கும் துருவும் காகிதமும்

1939 மே 16 அன்று திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1947-இல் நாடு பிரிந்தபோது இந்தியாவின் பங்குக்கு வந்த வானொலி நிலையங்கள் ஆறே ஆறு: டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, திருச்சி. திருச்சி நிலையத்தைச் சுற்றிலும் பாட்டுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. எஃப்.ஜி. நடேச ஐயர் 1914-இல் நிறுவிய ரசிக ரஞ்சன சபாவின் மேடையில்தான், ‘ஹரிச்சந்திரா’ நாடகத்தில் லோகிதாசனாக வந்த சிறுவன் எம்.கே. தியாகராஜனின் குரலை ஊர் கேட்டது. பக்கத்திலேயே ஆலத்தூர் சகோதரர்களின் ஊர், ஆற்றைத் தாண்டினால் லால்குடி ஜெயராமனின் ஊர். ஆந்திரத்தின் கரவடியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, தஞ்சாவூர் நாகஸ்வர பாணியில் தோய்ந்து, ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, 1982-இல் அங்கே ஒரு நாகஸ்வரப் பள்ளியையும் தொடங்கினார்.

இவ்வளவு இசையைக் கேட்ட ஊர் அதைச் சேர்த்தும் வைத்தது. ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதி, சித்திரை வீதி வீடுகளின் பரண்களிலும், உறையூரிலும் தில்லைநகரிலும் இருக்கும் அலமாரிகளிலும் இன்னும் கனமான கறுப்புத் தட்டுகள், ஸ்பூல் நாடாக்கள், பெட்டி பெட்டியாகக் கேசட்டுகள், வால்வு ரேடியோ, கட்டுக்கட்டாகப் பழைய பத்திரிகைகள் கிடக்கின்றன. எடுத்துப் போடவும் மனமில்லாமல், என்ன செய்வது என்றும் தெரியாமல் வைத்திருப்பவர்களே அதிகம்.

ஒரு பழைய பாட்டு ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒலி தட்டிலோ நாடாவிலோ இருக்கிறது. அதை வெளியே கொண்டுவரும் திறன் கருவியில் இருக்கிறது. பாடியவர் யார், எந்த ஆண்டு, யார் வயலின், யார் மிருதங்கம் என்ற விவரம் காகிதத்தில் இருக்கிறது. மூன்றில் ஒன்று போனாலும் மற்ற இரண்டின் மதிப்பு குறைந்துவிடும். மூன்றும் அழிவதோ வெவ்வேறு வேதியியல் வழிகளில். ஆகவே காக்கும் முறையும் ஒன்றாக இருக்க முடியாது.

பூச்சி தந்த தட்டு

78 சுற்று இசைத்தட்டைப் பலர் பிளாஸ்டிக் என்று நினைக்கிறார்கள். அதன் பிணைப்புப் பொருள் அரக்கு. மரக்கிளைகளில் கூட்டமாக ஒட்டி வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின் அது. பிளாஸ்டிக் பரவுவதற்கு முன் உலகத்தின் இசைத்தட்டு ஆலைகளுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்தே போனது. இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து தடைப்பட்டபோது, 1942-இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கு அரக்கைப் பயன்படுத்துவதை ஒரேயடியாக 70 விழுக்காடு வெட்டியது.

தட்டில் அரக்கின் பங்கு குறைவுதான். மிச்சமெல்லாம் சுண்ணாம்புக்கல் அல்லது பலகைக்கல் பொடி, கறுப்பு நிறத்துக்குக் கரித்தூள், பிடிப்புக்குப் பஞ்சு இழை. கல்பொடி சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கிராமபோனின் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கு மேல் கனத்து ஊசியின் மேல் உட்காரும். அந்தப் பாரத்தில் இரும்பு ஊசியின் முனையைத் தட்டே முதல் சில சுற்றுகளில் அரைத்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போடச் சொன்னது அதனால்தான். சிக்கனம் பார்த்து ஒரே ஊசியில் பத்துப் பாட்டு கேட்ட வீடுகளில் தட்டின் பள்ளங்கள் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருப்பதை இன்றும் பார்க்கலாம்.

பள்ளத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் பாடும். அதற்குள் ஊசி கடக்கும் தூரம் சுமார் 130 மீட்டர். விளிம்பில் பள்ளம் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில் ஊசிக்கடியில் ஓடுகிறது. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் ஆதார ஷட்ஜம் நொடிக்கு 131 அதிர்வு. அப்படியானால் அந்த ஷட்ஜத்தின் ஓர் அலை, தட்டின் விளிம்பில் 7.5 மில்லிமீட்டர் நீளம். நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்தால் பள்ளம் இடமும் வலமும் நெளிவது தெரியும். லேபிளை நெருங்கும்போது வட்டம் சிறுத்து, அதே ஸ்வரத்தின் அலை பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. நுண்ணிய நெளிவுகளை ஊசி அங்கே தவற விடுகிறது. பாட்டின் கடைசிப் பகுதி சற்று மங்கிக் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

சுழலும் வேகம் இன்னொரு முக்கியமான விஷயம். எல்லாத் தட்டுக்கும் 78 என்று ஒரே அளவு பிற்காலத்தில்தான் நிலைத்தது. ஆரம்ப காலத் தட்டுகள் எழுபது, எண்பது என்று முன்பின்னாகப் பதிவாயின. நிமிடத்துக்கு 74 சுற்றில் பதிவானதை 78-இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். ஸ்வரங்களுக்கு இடையிலான உறவு மாறாது, ராகமும் கெடாது. ஆனால் கமகம் வேகமாக அசையும், குரலின் கனம் குறையும், காலப்பிரமாணம் கூடும். நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் 27 வயதில் மறைந்தார். அவர் எந்தத் திரைப்படத்திலும் பாடவில்லை. அவர் குரலுக்கு இன்றிருக்கும் சாட்சி இசைத்தட்டுகள்தான். அவர் எந்தச் சுருதியில் பாடினார் என்ற கேள்விக்குப் பதில், தட்டைச் சரியான வேகத்தில் சுழற்றுவதைப் பொறுத்திருக்கிறது.

அரக்குத் தட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கவே கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். மரச்சாமான்களுக்கு மெருகேற்றுபவர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் பூசுகிறார்கள். ஒரே துடைப்பில் பள்ளம் மழுங்கிப் பாட்டு போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு சொட்டு மென்மையான சோப்புக் கரைசல், மிருதுவான பிரஷ், லேபிளில் ஈரம் படாமல் கழுவி, செங்குத்தாக நிறுத்தி நிழலில் உலர்த்துவது, இவ்வளவு போதும். 1948-இல் அறிமுகமான எல்.பி. தட்டு வினைல் பிளாஸ்டிக். அது கீழே விழுந்தால் உடையாது, ஆனால் வெப்பத்தில் வளையும். மதிய வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரம் இருந்தால் போதும், தட்டு கோணிப்போகும்.

நாடாவில் இருக்கும் துரு

ஒலிநாடாவின் பழுப்பு நிறம் இரும்பு ஆக்சைடின் நிறம், அதாவது துருவின் உறவு. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின் மேல் நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களைப் பசை கொண்டு பூசியிருக்கிறார்கள். ஒலி அந்தத் துகள்களில் காந்தமாகப் பதிகிறது. காந்தப் பதிவு பல பத்தாண்டுகள் நிற்கக்கூடியது. முதலில் தோற்பது பசைதான்.

1970-களிலும் 80-களிலும் வந்த பல ஸ்பூல் நாடாக்களில் பாலியூரித்தேன் பசையைப் பயன்படுத்தினார்கள். காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சுகிறது. நீர் மூலக்கூறுகள் பசையின் நீண்ட சங்கிலிகளை அறுக்க, நாடா பிசுபிசுக்கிறது. அதை ஓட்டினால் கீச்சென்ற சத்தம் வரும். டேப் ஹெட்டில் பழுப்புக் களிம்பு அப்பும். அந்தக் களிம்பில் பாட்டும் சேர்ந்து உரிந்து வருகிறது. இத்தகைய நாடாவை ஒலிக் காப்பாளர்கள் 50 டிகிரி செல்சியஸை ஒட்டிய சீரான வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து ஈரத்தை விரட்டி, பிசுபிசுப்பு திரும்புவதற்குள் பிரதி எடுத்துவிடுகிறார்கள். இதற்குரிய கருவி வேண்டும், நாடா எந்த வகை என்ற தெளிவும் வேண்டும். அதற்கு முந்தைய அசிட்டேட் நாடாவுக்கு இது விஷம். பெட்டியைத் திறந்ததும் காடி நெடி அடித்தால் அது அசிட்டேட். அதைச் சூடாக்கவே கூடாது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கொண்டுவந்த கேசட்டில் பசைச் சிக்கல் குறைவு. அதன் பலவீனங்கள் வேறு. நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு, வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். அறுபது நிமிடக் கேசட்டின் நாடா 18 மைக்ரான் தடிப்பு. தொண்ணூறு நிமிடக் கேசட்டில் 12 மைக்ரான்தான். நீளம் கூடக்கூட நாடா மெலிந்து சிக்கிக்கொள்ளும். ஈரமான அறையில் நாடாச் சுருளின் பக்கவாட்டில் வெள்ளைப் பூஞ்சை படியும். ஹெட்டின் சாய்வு இம்மி விலகியிருந்தாலும் மேல்ஸ்தாயியும் தாளத்தின் துல்லியமும் மங்கிவிடும். பதிவு செய்த கருவியின் சாய்வுக்கு ஏற்ப, ஓட்டும் கருவியின் திருகைச் சற்றே திருப்பிச் சரிசெய்தால் இழந்ததாக நினைத்த தெளிவு பெரும்பாலும் திரும்பிவிடுகிறது.

வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்து வாங்கிய தலைமுறை திருச்சியிலும் உண்டு. கடையில் கிடைக்கும் திரைப்பாட்டை வேறு எங்காவது தேடி எடுத்துவிடலாம். ஆனால் சபாவின் முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு ரசிகர் பதிவு செய்த கச்சேரி, வானொலியிலிருந்து நேராகப் பிடித்த நாகஸ்வரம், கல்யாண வீட்டில் பாடிய பாட்டியின் நலுங்குப் பாட்டு ஆகியவற்றுக்கு உலகத்தில் இன்னொரு பிரதி இருக்காது. அலமாரியில் முதலில் கவனிக்க வேண்டியவை இவை.

கருவிகள் ஏன் ஊமையாகின்றன

1950-களின் பல ரெக்கார்ட் பிளேயர்களில் ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றியது ஒரு படிகம், ரோஷல் உப்பு. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் அருமையான பொருள்தான், ஆனால் உப்பு. ஈரத்தில் கசியும், 55 டிகிரியை நெருங்கும் வெப்பத்தில் சிதையும். இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கத்தில், ஓட்டுக்கூரைக்கு நேர் கீழே பரணில் கிடந்த ஒரு பிளேயரின் படிகம் பிழைத்திருந்தால் அது அதிர்ஷ்டம். மோட்டார் ஓடியும் சத்தம் வராத பிளேயரைக் குப்பை என்று முடிவுகட்டும் முன், பழுது இந்தச் சிறு உறுப்பில் மட்டும்தானா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். பீங்கான் வகை மாற்று இன்றும் தேடினால் கிடைக்கிறது.

வால்வு ரேடியோவில் கவனம் இன்னும் கூட வேண்டும். மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் என்று எந்தப் பெயராக இருந்தாலும் உள்ளே இருநூறு வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் ஓடும். அதைச் சீராக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் அலுமினியத் தகட்டின் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. பல ஆண்டுகள் மின்சாரம் படாமல் கிடந்தால் அந்தப் படலம் பலவீனமாகிறது, உள்ளிருக்கும் திரவமும் உலர்கிறது. முப்பது ஆண்டுக்குப் பிறகு ஆசையாகப் பிளக்கைச் செருகினால் கெப்பாசிட்டர் வெடித்து, டிரான்ஸ்ஃபார்மரும் எரியக்கூடும். அனுபவமுள்ள ரேடியோ மெக்கானிக் முதலில் கெப்பாசிட்டர்களை மாற்றுவார். பிறகு ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் கொடுப்பார். கோளாறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், ரேடியோ தப்பிக்கும்.

வேலை செய்யும் கருவி கிடைத்தாலும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உச்ச ஒலிகளைக் கூட்டியும் பதிவு செய்வார்கள். அப்படிச் செய்யாவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்கும் இடத்தில் பள்ளம் அகலமாக ஆடி அடுத்த பள்ளத்தில் மோதும்; மெல்லிய உச்ச ஒலிகளோ தட்டின் இரைச்சலில் மூழ்கும். கேட்கும்போது கருவி இதைத் தலைகீழாகச் சரிசெய்ய வேண்டும். எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்பதற்கு 1954-இல்தான் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் ஒரு பொது அளவை வகுத்தது. அதற்கு முன் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு. இன்றைய கருவியில் அப்படியே ஓட்டினால் பழைய தட்டின் குரல் உண்மையான குரலாக வராது. ஊசியும் மாற வேண்டும்: எல்.பி. ஊசியின் முனை சுமார் 25 மைக்ரான் ஆரம், 78 தட்டுக்கு 75 மைக்ரான். எல்.பி. ஊசி 78-இன் அகலமான பள்ளத்தின் அடியில் தூசியை உழுதுகொண்டு போகும்.

உடைந்த தட்டுக்கும் இப்போது வழி இருக்கிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஹேபர், விடாலி ஃபடேயேவ் என்ற இரு இயற்பியலாளர்கள், அணுத்துகள் ஆய்வுக்கு உருவான பட ஆய்வு உத்தியைக் கொண்டு, ஊசியே தொடாமல் பள்ளத்தைப் படமெடுத்து ஒலியைக் கணக்கிடும் முறையை உருவாக்கினார்கள். அந்த ஆய்வுக்கூடத்தின் உதவியோடுதான் 1860-இல் பாரிஸில் புகைக்கரி படிந்த தாளில் ஸ்காட் தெ மார்ட்டின்வில் வரைந்த ஒலிக்கோடு 2008-இல் காதுக்குக் கேட்டது. ஆகவே இரண்டாக உடைந்த அபூர்வத் தட்டை ஒட்டவும் வேண்டாம், எறியவும் வேண்டாம். துண்டுகளைத் தனித்தனியாகச் சுற்றி வைப்பதே நல்லது.

தேதி சொல்லும் காகிதம்

கௌஹர் ஜான் 1902-இல் கல்கத்தாவில் பாடிப் பதிவு செய்தபோது, பாட்டின் முடிவில் தன் பெயரைத் தானே சொன்னார். அன்று தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகின. அங்கிருப்பவர்களுக்கு யார் பாட்டு எது என்று தெரிந்தால்தானே லேபிள் ஒட்ட முடியும்! அந்தச் சிக்கல் இன்றும் தீரவில்லை. பெரும்பாலான 78 தட்டுகளில் ஆண்டு அச்சாகியிருக்காது. லேபிளில் உள்ள வரிசை எண்ணையும், லேபிளுக்கும் பள்ளத்துக்கும் நடுவே கீறியிருக்கும் எண்ணையும், கம்பெனி அட்டவணையோடும் அக்காலப் பத்திரிகை விளம்பரத்தோடும் ஒப்பிட்டுத்தான் காலத்தைக் கணிக்கிறார்கள்.

பழைய பத்திரிகைகளின் பயன் இங்கே தெரிகிறது. ‘ஆனந்த விகடன்’ இதழில் ‘ஆடல் பாடல்’ பகுதியில் கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் எழுதிய விமர்சனங்கள், எந்தக் கச்சேரி எங்கே நடந்தது, ரசிகர்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதற்கு நேரடிச் சாட்சி. அகில இந்திய வானொலியின் ‘வானொலி’ இதழில் எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் பாடுகிறார் என்ற நிகழ்ச்சி நிரல் வந்தது. பெயரெழுதாத ஒரு ஸ்பூல் நாடாவில் அறிவிப்பாளரின் குரல் பாதியில் அறுந்திருந்தாலும், அந்த இதழ் கையில் இருந்தால் பாடகரையும் தேதியையும் கண்டுபிடிக்க வாய்ப்புண்டு. தியேட்டர் வாசலில் விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகம், படமே கிடைக்காதபோது பாடல் வரியையும் பாடியவர் பெயரையும் தருகிறது.

இந்தத் தாள்களோ மலிவான மரக்கூழில் செய்தவை. மரத்திலுள்ள லிக்னின் வெளிச்சத்திலும் காற்றிலும் பழுத்துப் பழுப்பாகிறது. தாள் மை உறிஞ்சாமல் இருக்கச் சேர்த்த படிகாரம் அமிலமாகிச் செல்லுலோஸ் இழைகளை அறுக்கிறது. மடித்த இடம் முதலில் ஒடியும். ஸ்டேப்பிள் கம்பி துருப்பிடித்து அதைச் சுற்றி ஓட்டை விழும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டுவதும், தாளைப் பாதுகாக்க லாமினேஷன் செய்வதும் கெடுதலே. உள்ளே அமிலத்தையும் சேர்த்து அடைத்து வைக்கிறோம். துருப்பிடித்த கம்பியை மெதுவாக எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் கட்டி, அமிலமில்லாத உறையில் படுக்கவைப்பது நல்லது.

பூச்சிக்கு மருந்தாக நம் ஊர்களில் வசம்பு உண்டு. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் ஏடுகளுக்காக வசம்போடு கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை, கற்பூரம் சேர்த்துப் பொடித்துப் பொட்டலமாக வைக்கும் வழக்கம் பெயர் பெற்றது. அந்துருண்டையைக் கேசட்டுகளோடு வைக்கக் கூடாது. கேசட்டின் வெளிப்பெட்டி பாலிஸ்டைரீன். அந்துருண்டையின் ஆவி அதை இளக்கிவிடும்.

தனி மனிதர் ஒருவர் சேர்த்தது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் செட்டிநாட்டுக் கோட்டையூரில் சான்று இருக்கிறது. பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் நூல், பத்திரிகை, பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்களைச் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்க, அது 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக வளர்ந்தது. இன்று தமிழ் நாடகம், சினிமா, இசை பற்றி ஆராய்பவர் எவரும் அங்கே போகாமல் இருக்க முடியாது.

பரண் வேண்டாம்

வெப்பம் 10 டிகிரி கூடினால் இத்தகைய வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். திருச்சியில் சித்திரை, வைகாசி மதியங்களில் வெளியே 40 டிகிரியை நெருங்கும். கூரைக்கடியில் அதற்கும் மேல். பழைய சாமான் என்றாலே பரணில் ஏற்றும் வழக்கம் இவற்றுக்குப் பெருங்கேடு. ஸ்ரீரங்கத்து நீள வீடுகளில் நடுக்கூடத்து உள்சுவர் ஓரம்தான் பகலிலும் இரவிலும் வெப்பம் அதிகம் மாறாத இடம். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு மூன்று அங்குலம் தள்ளிப் போட வேண்டும். தரையிலிருந்து ஒரு முழமாவது உயரம் வேண்டும். 1977 நவம்பரில் புயல் மழையால் திருச்சிக்குள் வெள்ளம் புகுந்ததை மறக்கலாகாது. நனைந்த தாளில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காயவைக்காமல் மின்விசிறிக் காற்றில் விரித்து உலர்த்த வேண்டும். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அடித்தட்டு வளையும் அல்லது விரியும். நிமிர்த்தி, சாயாமல் வைக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்கு வசதி என்பதால், மழைக்காலத்தில் சிலிகா ஜெல் பொட்டலங்களை வைத்து, மாதம் ஒருமுறை மாற்றலாம்.

பிரதி எடுக்கும்போது உலக ஒலிக் காப்பகங்களின் சங்கம் பரிந்துரைக்கும் தரம் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒரு மணி நேர ஸ்டீரியோ பதிவு சுமார் 2 ஜி.பி. பிடிக்கும். இரைச்சல் நீக்கும் வேலையைப் பிரதியின் பிரதியில்தான் செய்ய வேண்டும். முதல் பிரதியைத் தட்டில் உள்ளபடி தொடாமல் விட வேண்டும். ஒரு ஹார்டு டிஸ்க் போதாது. மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று வேறு ஊரில்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. இந்தியாவில் ஒலிப்பதிவின் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். ஆகவே எம்.கே. தியாகராஜ பாகவதரின் தட்டுகள் அத்தனையும் பதிவு என்ற அளவில் பொதுச்சொத்தாகிவிட்டன. பாடல் வரிக்குக் கணக்கு வேறு. அவருக்கு ஏராளமாக எழுதிய பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்ததால், அவரது வரிகளின் உரிமை 2033 முடிய நீடிக்கிறது. வீட்டில் பிரதி எடுத்துப் பாதுகாப்பதற்கு இது இடையூறில்லை. பலருக்கும் வெளியிடும்போது பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யக்கூடிய ஒரு வேலைக்குப் பணமோ கருவியோ வேண்டியதில்லை. பெயரெழுதாத கேசட்டுகளையும் நாடாக்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, அன்று பதிவு செய்தவரோ உடன் இருந்தவரோ இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்: பாடியது யார், எந்தச் சபா, எந்தக் கோயில் உற்சவம், பக்கவாத்தியம் யார், பாப்பா பிறப்பதற்கு முன்பா பின்பா. அந்த விவரங்களை அமிலமில்லாத தாளில் பென்சிலால் எழுதி, ஒரு எண் கொடுத்து, அதே எண்ணைக் கேசட்டின் பெட்டியிலும் கணினிக் கோப்பின் பெயரிலும் போட வேண்டும். மை காலப்போக்கில் மங்கும், கசியும். பென்சில் எழுத்து கரி என்பதால் அப்படியே நிற்கும்.